நூறு டொலர் மதியபோசனம்

அமெரிக்காவின் தனியார் விமானிகள் மத்தியில் பல தசாப்தங்களாகப் புழங்கிவரும் சொற்றொடர் ஒன்று உண்டு. 'நூறு டொலர் ஹம்பேர்கர்' என்பதே அது. சனிக்கிழமை காலையில் சிறிய விமானமொன்றை எடுத்துக்கொண்டு ஐம்பது, அறுபது மைல் தொலைவிலுள்ள இன்னொரு சிறிய விமானத்தளத்துக்குப் பறந்து, ஓடுபாதையோரத்துச் சாப்பாட்டுக்கடையில் மதியபோசனத்தை முடித்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பும் தமது பழக்கத்துக்கு அவர்கள் தாமே சூட்டிக்கொண்ட கேலிப்பெயர் அது. கடையில் அந்த உணவின் விலை சில டொலர்கள்தான். அதைத் தேடிப் போவதற்கு ஆகும் செலவையும் சேர்த்தால் நூறு டொலர் ஆகிவிடுகிறது என்பதே கேலியின் உட்பொருள். எந்தத் தளத்தில் என்ன சாப்பிடலாம் என்று விமானிகளுக்கு வழிகாட்டும் நூலொன்றே இதே பெயரில் வெளிவந்திருக்கிறது.

இன்றைய விலைவாசியில் நூறு டொலர் என்பது பழங்கதை. உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட சிறிய விமானம் செஸ்னா 172. நான்கு ஆசனங்களும் ஒற்றை இயந்திரமும் கொண்ட இந்த விமானம் 1956 இல் சந்தைக்கு வந்தது. இதுவரை 44,000 இற்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டிருக்கின்றன. மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் பறக்கும் அது, மணித்தியாலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது கலன், அதாவது முப்பது லீற்றருக்கும் அதிகமான பெற்றோலைக் குடிக்கும். வாடகைக்கு எடுப்பவர் மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது டொலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். போய்வர ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் ஹம்பேர்கரின் உண்மையான விலையை வாசகர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பணம் படைத்தவர்களின் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளன் ஒருவன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி எழக்கூடும். எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுபாதையோரத்துச் சாப்பாட்டுக்கடைதான் சிறிய விமானத்தளம் ஒன்றின் உயிர்நிலை. விமானம் ஓட்டத் தெரியாத ஊரார் அந்தத் தளத்துக்குள் நுழைவதற்கு இருக்கக்கூடிய ஒரே வாசல் அதுதான். அந்த வாசலை ஊராருக்குத் திறந்துவைக்கும் தளங்கள் பிழைத்துக்கொள்ளும். வேலிக்கு உள்ளே தமக்குள் மட்டும் உண்டு மகிழும் தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். அப்படி மூடப்படும்போது ஊர் கண்ணீர் விடவேண்டும் என்று எதிர்பார்ப்பதிலும் நியாயம் இல்லை.

சாப்பிடுவதற்காகப் பறப்பதேன்?

முதலில் விமானிகளின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். அமெரிக்கச் சட்டத்தின்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் குறைந்தபட்சம் நாற்பது மணித்தியாலப் பறப்புப் பயிற்சி தேவை. பத்திரம் கைக்கு வந்துவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பயணி ஒருவரை ஏற்றிச்செல்ல வேண்டுமானால் அதற்கு முந்திய தொண்ணூறு நாட்களுக்குள் அந்த விமானி மூன்று தடவையாவது மேலெழும்பித் தரையிறங்கியிருக்க வேண்டும். கை பழகாவிட்டால் திறமை துருப்பிடித்துவிடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே விமானிக்குப் பறப்பதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. வானத்தில் வட்டமிட்டுவிட்டு வந்த இடத்திலேயே இறங்குவது சில வாரங்களில் சலித்துவிடும். முன்பின் தெரியாத ஓடுபாதை, வேறொரு காற்று, போய்ச்சேர ஓர் இடம், அங்கே சூடான சாப்பாடு என்று வரும்போது பயிற்சி தானாகவே நடந்துவிடுகிறது.

வேறு இரண்டு விதிகளும் இந்த மதியபோசனத்தின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. மது அருந்தி எட்டு மணித்தியாலம் கழியும் முன்னர் எவரும் விமானத்தைச் செலுத்தக்கூடாது. ஆதலால் இந்தக் கடைகளில் விமானியின் மேசையில் கோப்பியும் குளிர்ந்த தேநீரும் மட்டுமே இருக்கும். தனியார் விமானி தனது பயணிகளிடம் கூலி வாங்கவும் முடியாது. எரிபொருள், வாடகை போன்றவற்றில் தனது பங்கை அவர் கட்டாயம் செலுத்தியே ஆகவேண்டும். இருவர் பறந்தால் மற்றவரிடம் அரைவாசிக்கு மேல் வாங்குவதற்குச் சட்டம் இடந்தராது. ஆகவே விமானி இந்தப் பயணத்தில் ஒரு சதமேனும் இலாபம் பார்க்க முடியாது.

பெயர் பெற்ற கடைகள்

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத்தளங்கள் ஏறத்தாழ 5,000 இருக்கின்றன. அவற்றில் பயணிகள் விமானசேவைகள் ஒழுங்காக வந்துபோகும் தளங்கள் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே உள்ளன. எஞ்சியவை எல்லாம் சிறிய விமானங்களின் உலகம். கலிபோர்னியா மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே விமானிகள் கதைகதையாகச் சொல்லும் சாப்பாட்டுத் தலங்கள் பல உண்டு.

சான் பிரான்சிஸ்கோவுக்கும் சக்கரமெந்தோவுக்கும் இடையில் வக்காவில் என்ற ஊரில் 1921 இல் நெடுஞ்சாலையோரப் பழக்கடையாகத் தொடங்கியது 'நட் ட்ரீ'. நாளடைவில் அது பெரும் உணவகமாக வளர்ந்தது. 1955 இல் அதன் உரிமையாளர்கள் பக்கத்திலேயே ஒரு விமான ஓடுபாதையையும் அமைத்தார்கள். வானத்தால் வந்திறங்கும் விருந்தாளிகளை உணவகத்துக்கு அழைத்துவர ஒரு குட்டி ரயிலும் ஓடியது. அதே ரயிலில் காரில் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். விமானிக்கும் விமானத்தையே கண்டிராத சிறுவனுக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைத்தது. உணவகம் 1996 இல் மூடப்பட்டது. விமானத்தளமோ இன்றும் அந்த உணவகத்தின் பெயரிலேயே, கவுண்டி நிர்வாகத்தின் கீழ் இயங்குகிறது. சாப்பாட்டுக்கடையின் பெயரை விமானத்தளம் சுமந்துகொண்டிருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் கோலிங்காவுக்கு அருகே, மாட்டுப்பண்ணையொன்றின் உணவகமாகிய ஹரிஸ் ராஞ்ச் இருக்கிறது. தெற்கையும் வடக்கையும் இணைக்கும் ஐந்தாம் இலக்கக் கடுகதிப் பாதையில் செல்லும் லொறிச் சாரதிகளும் குடும்பங்களும் இளைப்பாறும் இடம் அது. அதன் அருகிலேயே ஒடுக்கமான தனியார் ஓடுபாதை ஒன்று உண்டு. விமானத்தை நிறுத்திவிட்டு நடந்துபோய், லொறிச் சாரதிக்குப் பக்கத்து மேசையில் உட்காரலாம். பசிபிக் கரையில் ஹாஃப் மூன் பே என்ற தளம் இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், 1942 இல், இராணுவத்துக்காகக் கட்டப்பட்டது. அங்கே ஓடுபாதையின் இலக்கமாகிய 30 என்பதையே பெயராகச் சூடிக்கொண்ட சிற்றுண்டிச்சாலை விமானிகளுக்கு எவ்வளவு பிரியமானதோ அவ்வளவு உள்ளூர்வாசிகளுக்கும் பிரியமானது.

எனது மனதுக்கு மிகவும் நெருக்கமானது சாந்தா போலா. லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வடமேற்கே எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இந்தத் தளம் 1930 இல் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் சென் பிரான்சிஸ் அணைக்கட்டு உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் கடலை அடைந்தது. வெள்ளம் அழித்துச்சென்ற ஆற்றங்கரை நிலத்தில் உள்ளூர்த் தோட்டக்காரர்கள் சேர்ந்து அமைத்ததே இந்தத் தளம். 2005 இல் மீண்டும் ஆறு பெருகி ஓடுபாதையின் ஒரு பகுதியை அடித்துச்சென்றபோதும் திருத்தி எழுப்பினார்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமில்லாத தனியார் தளமாக இருந்தும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானக் கொட்டகைகளின் கதவுகளைத் திறந்துவைத்து, பழைய விமானங்களை ஊராருக்கு இலவசமாகக் காட்டும் வழக்கத்தை அங்குள்ளவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். வெள்ளத்துக்கு ஈடுகொடுத்த தளம் என்றால் அதற்கு ஊரோடு அது வைத்திருக்கும் உறவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மலையுச்சியில் ஒரு மேசை

இவற்றையெல்லாம் நான் நூல்களில் படித்து மட்டும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பர் ஒருவர் தென்கலிபோர்னியாவில் வாழ்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவர். 2023 இல் அவரிடம் போயிருந்தபோது கத்தலீனாத் தீவுக்கு மதியபோசனத்துக்கு அழைத்துச்சென்றார். புறப்படுவதற்கு முன்னர் அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "மச்சான், நீர் எத்தனை கிலோ? உண்மையான நிறையைச் சொல்லும். வெட்கத்துக்குக் குறைச்சுச் சொன்னால் விமானம் மன்னிக்காது" என்பது. ஒரு கலன் பெற்றோல் ஆறு இறாத்தல் நிறை. ஆட்களின் நிறையும் எரிபொருளின் நிறையும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. வெயில் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைந்து இயந்திரத்தின் வலுவும் இறக்கைகளின் தூக்குதிறனும் குறையும் என்பதால், வயிறு நிறையச் சாப்பிட்ட பின்னர் உச்சிவெயிலில் புறப்படுவது காலையில் புறப்பட்டது போன்றது அல்ல. இதையும் அவர் முன்கூட்டியே கணக்குப் பார்த்துத் தாளில் எழுதிவைத்திருந்தார்.

கத்தலீனாவின் தளத்தை 'வானத்திலுள்ள விமானநிலையம்' என்று அழைக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,602 அடி உயரத்தில், மலைமுகடுகளை வெட்டிச் சமப்படுத்தி அமைத்த ஓடுபாதை அது. நீளம் மூவாயிரம் அடி. இறங்கும் பக்கத்தில் பாதை மேல்நோக்கிச் சரிந்திருப்பதால் மறுமுனை கண்ணுக்குத் தெரிவதில்லை. பாதை முடிந்துவிட்டது போன்ற ஒரு பிரமை முதற்தடவை வருபவரைப் பதற்றப்படுத்திவிடும். 2019 இல் அமெரிக்க மரைன் படையினரும் கடற்படையின் நிர்மாணப் பிரிவினரும் பயிற்சியாக இந்த ஓடுபாதையைக் கொங்கிறீட்டினால் புனரமைத்துக் கொடுத்தார்கள்.

அங்குள்ள கடையின் பெயர்போன பண்டம் பைசன் எனப்படும் வட அமெரிக்கக் காட்டெருமையின் இறைச்சியில் செய்யும் ஹம்பேர்கர். 1924 இல் திரைப்படப் படப்பிடிப்பு ஒன்றுக்காக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட சில பைசன்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தீவின் மலைச்சரிவுகளில் மேய்ந்து திரிகின்றன. மாட்டிறைச்சி புழங்காத வீட்டில் வளர்ந்த பழக்கத்தால் நான் வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நண்பர் என்னிடம் எரிபொருளுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் நான் கொடுத்தேன்.

சாப்பாட்டைவிட அதிகமாக எனது கவனத்தை ஈர்த்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். பெரும்பாலானோர் பறந்து வந்தவர்கள் அல்லர். தீவின் குறுக்கே செல்லும் நீண்ட நடைபாதை இந்தத் தளத்தைத் தொட்டுச் செல்கிறது. முதுகில் மூட்டையோடு வியர்வை வழிய நடந்து வந்த இளைஞர்கள் ஒருபுறம். அவலொன் பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்த வயோதிபத் தம்பதிகள் மறுபுறம். அவர்கள் வந்திறங்கும் விமானங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். விமானிகளில் ஒருவர் எழுந்துபோய், நடந்து வந்த பெண்பிள்ளை ஒருத்தியைத் தனது விமானத்தின் ஆசனத்தில் உட்காரவைத்துக் காட்டினார்.

சியாமாசெட்டி

நண்பருக்கும் எனக்கும் அந்தக் காட்சி சாதாரணமானதாக இருக்கவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பதின்ம வயதைக் கழித்தவர்களுக்குச் சிறிய விமானத்தின் இரைச்சல் என்ன செய்தியைச் சொல்லும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 1985 இல் இலங்கை விமானப்படை வாங்கிய சியாய்-மார்க்கெட்டி எஸ்.எவ். 260 ரக விமானம் எமது ஊர் வாயில் 'சியாமாசெட்டி' ஆனது. அதன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம். கைக்குழந்தைகூட அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டு அழும் என்று பெண்கள் சொல்வார்கள்.

அந்த விமானம் குண்டு போடுவதற்காகப் பிறந்தது அல்ல என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நான் அறிந்துகொண்டேன். 1964 இல் முதன்முதலாகப் பறந்த அது, இத்தாலிய வடிவமைப்பாளர் ஒருவரின் கையில் உல்லாசப் பறப்புக்கான துரித விமானமாக உருவானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைச் சொந்தமாக வைத்திருக்கும் தனியார் விமானிகள் இருக்கிறார்கள். அதே பயணத்தில் கலிபோர்னியாவின் இன்னொரு சிறிய தளத்தில், சிற்றுண்டிச்சாலை ஒன்றின் முன்னால், பளபளக்கும் சிவப்பு நிறத்தில் ஒரு சியாமாசெட்டி நின்றதைக் கண்டேன். அதன் உரிமையாளர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஏணிப்படியின்றி இறக்கைமீது ஏறி, கண்ணாடிக் கூரையை மூடி, எமக்குக் கையசைத்துவிட்டுப் போனார். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. "இதுக்கோ நாங்கள் பயந்து ஓடினது?" என்று கடைசியில் கேட்டார்.

பயந்து ஓடியது நியாயமே. மரணங்கள் உண்மையானவை. அந்த வழியில் மறுதரப்பும் போனது. 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின்மீது குண்டுவீசுவதற்கு விடுதலைப் புலிகள் பயன்படுத்தியவையும் சாதாரண இலகுரக விமானங்களே. ஒரே இயந்திரம் ஓரிடத்தில் ஊரைப் பங்கருக்குள் துரத்துகிறது. இன்னோரிடத்தில் அதே இயந்திரத்தைப் பார்த்து ஊர்ப்பிள்ளை கைதட்டுகிறது. இந்த வேறுபாட்டை ஏற்படுத்துவது அது நிற்கும் தளத்தை யார் ஆளுகிறார்கள், தளத்துக்கும் ஊருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதுதான். எமது பலாலித் தளத்தைச் சுற்றி 1990 இலிருந்து இருந்தது முள்வேலி. தளம் விரிந்தபோது கிராமங்கள் காலியாகின. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்ட பின்னரும் வலிகாமம் வடக்கின் காணிகள் முழுமையாக உரியவர்களிடம் திரும்பவில்லை. வேலிக்கு வெளியே நின்றே விமானத்தளத்தைப் பார்த்துப் பழகிய ஒருவனுக்கு, உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுக்கும் தளம் எவ்வளவு பெரிய விடயம் என்பது புரியும். அமெரிக்க விமானிகளில் பலருக்கு அது புரிந்திருப்பதாகத் தெரியவில்லை என்பதே எனது மனக்குறை.

ஈயத்தின் கணக்கு

விமானத்தளங்களுக்கு அருகில் வாழ்பவர்களின் முறைப்பாடுகளை விமானிகள் பெரும்பாலும் அலட்சியமாகவே நோக்குகிறார்கள். தளம் முதலில் வந்தது, வீடு பின்னர் வந்தது, தெரிந்துகொண்டுதானே வாங்கினீர்கள் என்பது அவர்களின் வழமையான பதில். சத்தத்தைப் பொறுத்தவரை இந்தப் பதிலில் ஓரளவு நியாயம் உண்டு. ஈயத்தைப் பொறுத்தவரை அறவே இல்லை.

அமெரிக்காவில் கார்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்பது 1996 ஜனவரியிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. பிஸ்டன் இயந்திரச் சிறிய விமானங்களில் பெரும்பாலானவை இன்றளவும் ஈயம் கலந்த பெற்றோலையே எரிக்கின்றன. உயர்வலு இயந்திரங்களில் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்னரே தீப்பற்றிவிடாமல் தடுப்பதற்காக ஈயம் சேர்க்கப்படுகிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரீட்-ஹில்வியூ என்ற தளத்தைச் சுற்றி வசிப்பவர்களில் பெரும்பாலானோர் லத்தீன் அமெரிக்க, வியட்நாமியக் குடும்பங்களைச் சேர்ந்த உழைக்கும் மக்கள். சாந்தா கிளாரா கவுண்டி நிர்வாகம் செய்வித்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, தளத்துக்கு அருகில் வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடுதலாக இருப்பதாகக் கண்டது. 2022 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கவுண்டி தனது தளங்களில் ஈயப் பெற்றோல் விற்பனையை நிறுத்தியது. 2023 ஒக்டோபரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் இந்த விமானங்கள் வெளிவிடும் ஈயம் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து விளைவிக்கும் மாசுக்குக் காரணமாகிறது என்று முறைப்படி தீர்மானித்தது.

ஈயமில்லாத மாற்று எரிபொருள் ஒன்றுக்கு 2022 செப்டெம்பரில் சமஷ்டி விமான நிர்வாகத்தின் அங்கீகாரம் கிடைத்தது. அது எல்லா விமானங்களுக்கும் ஒத்துவருமா என்ற சர்ச்சை தொடர்ந்தாலும் போகவேண்டிய திசை எது என்பதில் ஐயமில்லை. கலிபோர்னியா 2031 ஜனவரியிலிருந்து ஈய விமானப் பெற்றோலின் விற்பனைக்குத் தடைவிதிக்கும் சட்டத்தை 2024 இல் நிறைவேற்றிவிட்டது. ஒருவரின் சனிக்கிழமை மதியபோசனத்துக்காக இன்னொருவரின் பிள்ளை ஈயத்தைச் சுவாசிக்க வேண்டும் என்று எந்த மேசையில் இருந்துகொண்டும் வாதாட முடியாது. இந்த மாற்றத்துக்கு விமானிகள் தலைமை தாங்கியிருக்க வேண்டும். அவர்களின் அமைப்புகளோ பெரும்பாலும் அவகாசம் கேட்பதிலேயே காலத்தைக் கழித்தன.

புல்டோசர் வந்த இரவு

ஊர் தன் பக்கம் இல்லாத விமானத்தளத்துக்கு என்ன நேரும் என்பதற்குச் சிக்காகோ நகரின் மெய்க்ஸ் தளம் சிறந்த உதாரணம். 1948 இல் திறக்கப்பட்ட அந்தத் தளம் மிச்சிகன் ஏரிக்கரையில், நகரின் மத்திக்கு அருகிலேயே இருந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் கணினி விமான விளையாட்டின் பழைய பதிப்புகளில் ஆட்டம் தொடங்கும் இடம் மெய்க்ஸ் தளமே என்பதால் உலகெங்கும் பலருக்கு அதன் ஓடுபாதை அறிமுகமானது. 2003 மார்ச் 30 ஆம் திகதி நள்ளிரவை அண்டிய வேளையில் மாநகர முதல்வர் றிச்சர்ட் டேலியின் உத்தரவின்பேரில் புல்டோசர்கள் உள்ளே நுழைந்து ஓடுபாதையின் நடுவே பெரிய பெருக்கற்குறிகளாகக் குழிகளைத் தோண்டிவிட்டன. பதினாறு விமானங்கள் அங்கே சிக்கிக்கொண்டன. முன்னறிவித்தல் கொடுக்காத குற்றத்துக்காகச் சமஷ்டி விமான நிர்வாகம் மாநகரத்துக்கு 33,000 டொலர் அபராதம் விதித்தது. விமானிகள் கொதித்தெழுந்தார்கள். வாக்காளர்களோ 2007 இல் டேலியை எழுபது வீதத்துக்கும் அதிகமான வாக்குகளால் மீண்டும் தெரிவுசெய்தார்கள். டேலியின் செயல் அத்துமீறல் என்பதே எனது அபிப்பிராயம். ஆயினும் நகர மக்கள் அதை மன்னித்துவிட்டார்கள் என்ற உண்மையை விமானிகள் சிந்திக்க வேண்டும்.

சாந்தா மொனிக்காவின் கதை சட்டப்படி நடந்தேறுகிறது. டிசி-3 என்ற புகழ்பெற்ற விமானம் 1935 டிசெம்பரில் முதன்முதலாகப் பறந்தது அங்கிருந்துதான். 2014 இல் அந்நகர வாக்காளர்கள் தளத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நகரசபைக்கு அளித்து, நிலத்தைப் பூங்காவாக மாற்றும் யோசனைக்கும் ஆதரவு கொடுத்தார்கள். ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு உண்ணக்கூடியதாக அங்கே இருந்த 'டைஃபூன்' என்ற பிரபல ஆசிய உணவகம் 2016 இல் மூடப்பட்டது. 2017 ஜனவரியில் சமஷ்டி விமான நிர்வாகத்துடன் ஏற்பட்ட இணக்கத்தின்படி 2028 டிசெம்பர் 31 இற்குப் பின்னர் நகரம் தளத்தையே மூடிவிடலாம். முதலில் சாப்பாட்டுக்கடை போனது. அடுத்துத் தளமும் போகவிருக்கிறது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நகரத்துக்கும் தளத்துக்கும் இடையிலான உறவு முறிந்த வரிசையை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

எமது மக்கள் செறிந்து வாழும் கனடாவின் மார்க்கம் நகரிலும் இதே கதைதான். பட்டன்வில் விமானத்தளம் 2023 நவம்பர் இறுதியுடன் மூடப்பட்டது. மார்க்கத்தில் வாழும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பல ஆண்டுகளாக அந்த வேலியைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது உள்ளே காலடி எடுத்துவைத்திருப்பார்கள்?

மூடினால் என்ன குறைந்துவிடும்?

நிலம் அரிதாகிவிட்ட நகரங்களில் ஒரு சிலர் விளையாடுவதற்கு இவ்வளவு பெரிய வெளி எதற்கு, வீடுகளைக் கட்டலாமே, பூங்கா அமைக்கலாமே என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. இதற்கு விமானிகளிடம் உள்ள சிறந்த பதில் 2024 செப்டெம்பரில் கிடைத்தது. ஹெலீன் சூறாவளி வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியைச் சிதைத்தபோது வீதிகளும் பாலங்களும் அடித்துச்செல்லப்பட்டன. அப்போது தண்ணீர், குழந்தைப்பால், மருந்து ஆகியவற்றைச் சிறிய விமானங்களில் ஏற்றி, மலைகளுக்கிடையிலுள்ள சிறிய தளங்களில் கொண்டுபோய் இறக்கியவர்களில் பெருந்தொகையானோர் தனியார் விமானிகள். எவரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. குறுகிய ஓடுபாதைகளில் பாரத்துடன் இறங்கும் கைப்பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சனிக்கிழமைகளில் ஹம்பேர்கர் தேடிப் பறந்த பறப்புகளிலிருந்துதான். தளமும் வேண்டும், பழகிய கையும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பால்மா மலைக்குப் போய்ச் சேர்ந்திராது.

ஆனால் இந்தப் பதிலை ஆபத்து வந்த பின்னர் சொல்லிப் பயனில்லை. ஊரார் வாக்களிக்கும் நாளில் அவர்களின் நினைவுக்கு வரவேண்டியது, தமது பிள்ளையை விமானத்தில் உட்காரவைத்துக் காட்டிய அந்த விமானியின் முகம். அத்தகைய நினைவுகள் உருவாகும் இடம் சாப்பாட்டுக்கடையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே விமானிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஈயத்துக்கு அவகாசம் கேட்பதை நிறுத்துங்கள். கடையின் வாசல் ஓடுபாதைப் பக்கம் மட்டுமன்றி வீதிப் பக்கமும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வாகனத் தரிப்பிடத்துக்கும் மேசைக்கும் நடுவே பூட்டிய கதவு இருந்தால் அதைத் திறக்கச் சொல்லி உங்கள் தள நிர்வாகத்துடன் சண்டை பிடியுங்கள். நகரசபைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கடையின் வாடகையை வருமானமாக மட்டும் பார்க்காதீர்கள். நூலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் கொடுக்கும் இடத்தை அதற்கும் கொடுங்கள்.

டொரன்டோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் கலிபோர்னியாவிலும் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலக் கார்ப் பயணத்துக்குள் இப்படியான தளமொன்று இருக்கக்கூடும். பறக்கத் தெரிய வேண்டியதில்லை, நூறு டொலரும் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும், முடிந்தால் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். விமானச் சத்தம் கேட்டால் அம்மம்மா முதலில் திடுக்கிடுவார். பேரப்பிள்ளை கண்ணாடியோரம் ஓடிப்போய்ப் பார்க்கும். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து அதைப் பார்ப்பதற்கு இடந்தருகின்ற தளங்கள் உலகில் இன்னும் சில ஆண்டுகளாவது இருக்கவேண்டும் என்பது எனது விருப்பம்.